எட்டு வயதுப் பையன், ராத்திரி படுக்கை நனைகிறது. அலாரம் வாங்கலாமா?

சேலத்து மைதிலி

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி மட்டும் வாரத்தில் நாலைந்து நாள் படுக்கை நனைந்துவிடுகிறது. நடுவில் நின்று மறுபடி ஆரம்பித்தது என்று இல்லை, பிறந்ததிலிருந்தே இப்படித்தான்.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறோம். சின்னவளுக்கு மூன்று வயது. அவளுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. காலையில் எழுந்ததும் "அண்ணா ஈரம், அண்ணா ஈரம்" என்று ஹால் வரைக்கும் ஓடிப்போய் அறிவித்துவிடுகிறாள். அந்த நேரத்தில் அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பான்.

மாமியார் தினம் ஒரு எள்ளுருண்டை கொடுக்கிறார். கையில் மந்திரித்த கயிறும் கட்டியாயிற்று. என் கணவருக்கும் பதினொரு வயது வரை இருந்ததாம். அதை மாமியார் போன மாதம்தான் என்னிடம் சொன்னார், அதுவும் அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து.

டாக்டரிடம் காட்டினோம். சிறுநீர், சர்க்கரை எல்லாம் பார்த்தார், நார்மல். "சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறையுங்கள், மாத்திரை வேண்டுமானால் எழுதித் தருகிறேன், அலாரம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் வாங்கிப் பார்க்கலாம்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த அலாரத்தை ஆன்லைனில் பார்த்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம். ஜட்டியில் ஒரு கிளிப், அதிலிருந்து வயர், தோளில் ஒரு டப்பா. ஈரம் பட்டதும் சத்தம் போடுமாம். பார்த்ததுமே பயமாக இருந்தது. ஈரத்தில் கரண்டு, ஷாக் அடிக்காதா? அதோடு என் பையன் பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். சின்னவள்தான் எழுந்து அழுவாள். ஜனவரி கடைசியில் பள்ளியில் இரண்டு ராத்திரி கேம்ப் வேறு இருக்கிறது. போகணும் என்று குதிக்கிறான். அதற்குள் சரியாகிவிடுமா? யாராவது நிஜமாகவே பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பாட்டி வைத்தியம்

கருப்பு எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுப்பது நல்லதுதான், நிறுத்தாதே அம்மா. என் பேரன்கள் இரண்டு பேருக்கும் தானாகவே நின்றுபோனது. ஒன்பது வயதில் ஒருவனுக்கு, ஆறு வயதில் ஒருவனுக்கு. தூங்குகிற பிள்ளையின் காதருகே அலாரம் கிலாரம் என்று வைத்து அலற விடாதே. பயந்துவிடும்.

பீளமேடு வைண்டர்

மைதிலி, நாங்கள் பயன்படுத்தியிருக்கிறோம். பையனுக்கு இல்லை, பொண்ணுக்கு. அப்போது அம்மணிக்கு ஒன்பது வயது. நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் ஷாக் விஷயம். எனக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங். பம்ப்செட் மோட்டார் எரிந்துபோனால் காயில் பிரித்து மறுபடி கட்டுவது. அலாரம் வந்த அன்றைக்கே திருப்புளி எடுத்து மூடியைக் கழற்றிவிட்டேன், வீட்டுக்காரம்மாவிடம் திட்டும் வாங்கினேன். உள்ளே இருப்பது ஒரு சின்ன போர்டு, ஒரு பஸ்ஸர், போனில் வைப்ரேட் ஆவதற்கு வைத்திருப்பார்களே அதே குட்டி மோட்டார், சுவர்க் கடிகாரத்தில் போடுவதைவிட ஒரு சைஸ் சின்னதாக இரண்டு செல். மொத்தம் 3 வோல்ட். கிளிப்பில் இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றோடொன்று படாமல் இருக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அது கரண்டைக் கடத்தும். நாலு சொட்டு விழுந்ததும் இரண்டு துண்டுக்கும் தொடர்பு உண்டாகி பஸ்ஸர் அடிக்கும். அவ்வளவுதான் கருவி. 3 வோல்ட்டில் ஷாக் அடிக்காது. டப்பாவை வெறும் தோலில் படாமல் சட்டைக்கு மேல் மாட்டுங்கள். செல்லில் பச்சை பிடித்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். சார்ஜ் போடுகிற மாடல் என்றால் சார்ஜரில் இருக்கும்போது பிள்ளை மேல் மாட்டவே கூடாது.

பாட்டி கோபித்துக்கொள்ளக் கூடாது, இது நேற்று முளைத்த சமாச்சாரமும் இல்லை. 1904-லேயே ஃபவுண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், படுக்கை நனைந்தால் நர்ஸுகளுக்குத் தெரியட்டும், உடனே துணி மாற்றட்டும் என்று வார்டில் மணி அடிக்கிற ஏற்பாடு ஒன்று செய்திருக்கிறார். மணி அடிக்க அடிக்க, பிள்ளைகள் நனைப்பதே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. 1938-ல் அமெரிக்காவில் மௌரர் என்ற தம்பதி, இரண்டு பேரும் உளவியல் படித்தவர்கள், அதையே ஒரு சிகிச்சையாகச் செய்து எழுதினார்கள். படுக்கைக்கு அடியில் விரிப்பு, பக்கத்தில் மணி. இன்றைக்கு விற்பது அதன் பேரப்பிள்ளை.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. வீட்டுக்காரம்மா மில்லுக்குக் காலை ஷிப்ட் போகிறவள், விடியுமுன் கிளம்பணும். அதனால் ராத்திரி டியூட்டி எனக்கு. முதல் ராத்திரி பன்னிரண்டு மணி வாக்கில் அடித்தது பாருங்கள். நான் எழுந்தேன். பக்கத்து அறையில் என் அம்மா எழுந்தார். கீழ்வீட்டு நாய் எழுந்தது. அம்மணி மட்டும் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், டப்பா அவள் தோளிலேயே அலறிக்கொண்டிருக்கிறது. காசு போச்சு என்றுதான் நினைத்தேன். கருவியோடு வந்த தாளைப் படித்தால், ஆரம்பத்தில் பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான், பெரியவர்கள்தான் எழுப்ப வேண்டும் என்று போட்டிருக்கிறது. நீங்கள் கேட்ட இடி விழுந்தாலும் எழாத பிள்ளைக்கும் இதுதான் பதில். முதல் சில வாரம் அலாரம் உங்களை எழுப்பும், நீங்கள் அவனை எழுப்பணும்.

எழுப்புவது என்றால் தோளில் தூக்கிக்கொண்டு பாத்ரூமில் நிற்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து போடுவது இல்லை. அவன் விழித்திருக்கணும். அவன் கையாலேயே பட்டனை அமுக்கி நிறுத்தணும். நாம் நிறுத்திவிட்டால் பலன் இல்லை. அப்புறம் அவனாக நடந்துபோய் மிச்சத்தைப் போய்விட்டு, அவனாக ஜட்டி மாற்றி, கிளிப்பைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படுக்கணும். விழித்திருக்கிறானா என்று கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் இந்தப் பிள்ளைகள் தூக்கத்திலேயே கண்ணைத் திறப்பார்கள், நடப்பார்கள், பதிலும் சொல்வார்கள். நாங்கள் தினமும் படுக்கும்போது ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்வோம். அவினாசி ரோடு பஸ் ஸ்டாப் பெயர்தான். ஒரு நாள் லட்சுமி மில்ஸ், ஒரு நாள் நவ இந்தியா, ஒரு நாள் ஹோப் காலேஜ். பாத்ரூம் வாசலில் நிறுத்தி, "அம்மணி, இன்னிக்கு என்ன ஸ்டாப்?" என்று கேட்பேன். ஒரு ராத்திரி கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்துக்கொண்டு "மூணு இட்லி போதும்" என்றாள். உடனே முகத்தில் தண்ணீர். ஸ்டாப் பெயரைச் சரியாகச் சொன்ன பிறகுதான் உள்ளே விடுவேன்.

சட்டென்று ஒரு நாளில் நிற்காது. எங்களுக்கு முதலில் மாறியது நனைகிற அளவு. முன்பு மெத்தை வரைக்கும் இறங்கும். அப்புறம் விரிப்பில் ஒரு கை அகலம், அப்புறம் ஜட்டியோடு சரி. அடுத்து, ராத்திரிக்கு இரண்டு தடவை அடித்தது ஒரு தடவையானது. அடிக்கிற நேரமும் விடிகாலைப் பக்கம் தள்ளிப்போனது. ஒரு மாதம் ஆன பிறகு ஒரு ராத்திரி நான் எழுந்து உட்காருவதற்குள் அவளே அமுக்கிவிட்டு, "ஹோப் காலேஜ்" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அப்புறம்தான் அடிக்காத ராத்திரிகள் வர ஆரம்பித்தன. முதல்முறை வரிசையாக மூன்று ராத்திரி சத்தமே இல்லை என்றதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. செல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, உப்புத் தண்ணீரில் விரலை நனைத்து கிளிப்பில் வைத்துப் பார்த்தேன். வீடே எழுந்துவிட்டது.

தொடர்ந்து பதினான்கு ராத்திரி காய்ந்திருந்தால் கழற்றலாம் என்பது கணக்கு. எங்களுக்கு அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. பிறகு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த சமயம் மறுபடி நனைந்தது. திரும்ப மாட்டினோம், இந்தத் தடவை சீக்கிரம் நின்றது.

பரிசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். "நனைக்காமல் இருந்தால் சைக்கிள்" என்று சொல்லாதீர்கள். தூக்கத்தில் தானாக ஆகிவிடுவதற்கு அவன் என்ன செய்வான்? அவன் கையில் இருக்கிற காரியத்துக்குக் கொடுங்கள். பட்டனைத் தானே அமுக்கினானா, விரிப்பு மாற்ற உதவினானா, அதற்கு ஒரு ஸ்டார். எங்கள் வீட்டு காலண்டர் பூராவும் ஸ்டாராக இருந்தது, நனைந்த நாளிலும்.

வாங்குவதற்கு முன் ஒன்று முடிவு செய்யுங்கள். ராத்திரி எழுந்து உட்காரப்போவது யார்? உங்கள் வீட்டுக்காரரா, நீங்களா, முறைவைத்தா? வீட்டில் ஒருவர் மனப்பூர்வமாக ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டாயிரம் தண்டம். பாதியில் அலமாரிக்குப் போன அலாரங்கள் நிறைய உண்டு. சரி, பையனிடம் கேட்டீர்களா? அவன் சரி என்று சொல்லணும். வேண்டாம் என்கிற பிள்ளைக்கு மாட்டினால் தூக்கத்தில் பிய்த்துப் போட்டுவிடும்.

வார்டு அக்கா

நான் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வைண்டர் அண்ணா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மைதிலி, அலாரம் ஆர்டர் செய்வதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பையன் எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளிக்குப் போகிறான், இறுகிப் போகிறதா? ராத்திரி குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா? பள்ளிக்குக் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் எப்படித் திரும்பி வருகிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், மலக்குடல் நிறைந்திருந்தால் முன்னால் இருக்கிற சிறுநீர்ப்பையை அது அழுத்தும். மலச்சிக்கல் இருக்கிற பிள்ளைக்கு அலாரம் மட்டும் மாட்டினால் சரியான பலன் வராது. மூக்கடைப்பு, அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கிற சதை) வீக்கத்தால் குறட்டை விடுகிற பிள்ளைகளுக்கும் படுக்கை நனைவது உண்டு. அதற்குக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மற்றபடி பையன் ஒன்றும் தனி அதிசயம் இல்லை. ஐந்து வயதில் நூற்றுக்குச் சுமார் 15 பிள்ளைகளுக்கு இது இருக்கிறது, பத்து வயதில் சுமார் 5 பேருக்கு. பெரியவர்களிலும் நூறில் ஒருவருக்கு இருக்கிறது, வெளியில் சொல்வதில்லை. பாட்டியம்மா சொல்வது போல் தானாக நிற்பதும் உண்மைதான். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பிள்ளைகளில் ஏழில் ஒரு பங்கு தானாகவே சரியாகிவிடுகிறது. ஆனால் உங்கள் பையன் எந்த வருஷத்து ஆள் என்று யாருக்கும் தெரியாது. எள்ளுருண்டை தின்னட்டும், சத்துதான், சிறுநீருக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர நூற்றில் நாற்பதுக்கு மேல் வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால் எழுபதைத் தாண்டும். உங்கள் மாமியார் சொன்ன ரகசியம் பாதிக் காரணம்.

மீதிக் காரணம் மூன்று. சிலருக்கு ராத்திரியில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கிற வாசோபிரசின் ஹார்மோன் போதவில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை சின்னது அல்லது துடிப்பு அதிகம். எல்லோருக்கும் பொதுவானது, பை நிறைந்த செய்தி போயும் மூளை எழுப்புவதில்லை. வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதுக்குப் பை எத்தனை மில்லி பிடிக்கணும் என்பது தோராயமாக வரும். உங்கள் பையனுக்கு 270. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அளவு போட்ட பழைய ஜக்கில் போகச் சொல்லிக் குறித்துவையுங்கள், டாக்டருக்கு அந்தத் தாள் ரொம்ப உதவும்.

மாத்திரை என்று டாக்டர் சொன்னது பெரும்பாலும் டெஸ்மோபிரசினாக இருக்கும். நான் சொன்ன ஹார்மோனின் வேலையைத்தான் அது செய்கிறது. கொடுக்கிற ராத்திரி வேலை செய்யும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வந்துவிடும். அலாரம் மெதுவாக வேலை செய்யும், ஆனால் பலருக்குப் பலன் நிலைத்து நிற்கும். தொடர்ந்து செய்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் கிடைக்கிறது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடுகிற நைஸ் அமைப்பு 2010-ல் வெளியிட்ட வழிகாட்டியும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அலாரத்தைத்தான் முதலில் வைக்கிறது. நாலு வாரத்தில் வைண்டர் அண்ணா சொன்ன மாதிரி ஏதாவது ஒரு மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது, தெரிந்தால் தொடர வேண்டும்.

ஆகவே ஜனவரி கேம்ப்புக்கு அலாரத்தை நம்பாதீர்கள். அந்த இரண்டு ராத்திரிக்கு மாத்திரை கேளுங்கள். ஒரு கட்டாயம்: போட்டுக்கொள்வதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, அப்புறம் எட்டு மணி நேரம் வரை தண்ணீர் மிகக் குறைவாகத்தான் குடிக்க வேண்டும். நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, வலிப்பு வரைக்கும் போகலாம். வாந்தி பேதி இருக்கிற நாளில் கொடுக்கவே கூடாது. கேம்ப்புக்கு ஓரிரு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இதைப் படிக்கிற மற்ற அம்மாக்களுக்கு: ஆறு மாதம் காய்ந்திருந்து திடீரென்று நனைய ஆரம்பித்தால், கூடவே தாகம், எடை குறைதல் இருந்தால், சர்க்கரையை அன்றைக்கே பாருங்கள். பகலிலும் ஒழுகினால், எரிச்சல் இருந்தால், சொட்டுச் சொட்டாக வந்தால் அலாரம் வாங்காமல் டாக்டரிடம் போங்கள்.

சேலத்து மைதிலி

அக்கா, நீங்கள் கேட்டதும்தான் கவனித்தேன். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறான். ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்கும். பள்ளி பாத்ரூம் நாற்றம் என்று அங்கே போகவே மாட்டானாம். அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை, பாட்டில் நிறைய அப்படியே திரும்பி வருகிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு, விளையாடிவிட்டு வந்து ஒரு சொம்பு, ராத்திரி பால் ஒரு டம்ளர். குறட்டை இல்லை.

அண்ணா, நீங்கள் எழுதியதை என் கணவர் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் எழுந்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். பையனிடமும் கேட்டேன். ஷாக் அடிக்காது என்றதும் சரி என்றான், ஆனால் தங்கச்சிக்குத் தெரியக் கூடாதாம்.

இன்னும் இரண்டு சந்தேகம். சேலத்து வெயிலில் ராத்திரியும் வேர்த்து ஊற்றும், வேர்வைக்கு அடிக்காதா? படுக்கையில் விரிக்கிற மாடலும் இருக்கிறதே, தரையில் படுப்பவர்களுக்கு அது நல்லதா?

ஹாஸ்டல்வாசி

எனக்குப் பதினான்கு வயது வரை இருந்தது. எட்டாம் வகுப்பில் விடுதியில் சேர்த்தார்கள். நனைந்த மெத்தையை நானே மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்க் காயவைக்க வேண்டும், எல்லோரும் பல் தேய்க்கிற நேரத்தில், எல்லோரையும் தாண்டி. அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். நனைவது நிற்கவில்லை, நாக்கு வறண்டதுதான் மிச்சம். அடிக்கு நின்றிருந்தால் எனக்கு ஏழு வயதிலேயே நின்றிருக்கும்.

மைதிலி, ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கணவர் தனக்கும் இருந்தது என்று பையனிடம் அவர் வாயால் சொல்லட்டும். என் சித்தப்பாவுக்கும் இருந்தது என்று எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது. அந்த மனிதர் ஹாஸ்டலுக்கு என்னைப் பார்க்க மாதாமாதம் வந்துகொண்டிருந்தவர்.

பீளமேடு வைண்டர்

வேர்வைக்கு அடிக்கும். அதிலும் உப்பு இருக்கிறதே. எங்களுக்கும் சித்திரையில் இரண்டு மூன்று தடவை பொய் அலாரம் வந்தது. அதற்கு வழி இரண்டு ஜட்டி. உள்ளே இறுக்கமான காட்டன் ஜட்டி, கிளிப்பை அதன் வெளிப்பக்கம் மாட்டுங்கள், பையனுக்கு முன்பக்கம் கொஞ்சம் மேலே. மேலே தொளதொளவென்று இன்னொன்று போட்டால் கிளிப் நகராது, தொடை வேர்வையும் அதன் மேல் படாது. வயரைச் சட்டைக்கு உள்ளே விட்டுத் தோளுக்குக் கொண்டுவாருங்கள், கழுத்துப் பக்கம் தொங்கவிடாதீர்கள். பேம்பர்ஸ் அலாரம் போடுகிற நாளில் வேண்டாம், அது உறிஞ்சிக்கொண்டு கிளிப்புக்குச் செய்தி தாமதமாகப் போகும். முதல் சொட்டுக்கே அடித்தால்தான் வேலை.

விரிப்பு மாடல் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் வாங்கியிருந்தார், அதையும் பார்த்திருக்கிறேன். உடம்பில் எதுவும் மாட்ட வேண்டாம் என்பது வசதி. ஆனால் விரிப்பு வரைக்கும் ஈரம் இறங்கிய பிறகுதான் அடிக்கும், பிள்ளை உருண்டு விரிப்பை விட்டுப் போய்விட்டால் அடிக்கவே அடிக்காது. தரையில் நாலு பேர் வரிசையாகப் படுக்கிற இடத்தில் உங்கள் பையன் விடிகாலையில் எங்கே கிடப்பான் என்று உங்களுக்கே தெரியும். கிளிப் வாங்குங்கள். கிளிப் பல் வைத்துக் கவ்வுகிற மாதிரி இருக்கணும், ஸ்டிக்கர் வேண்டாம். சத்தமும் அதிர்வும் இரண்டும் இருக்கணும். பட்டன் அவன் விரலுக்கு எட்டி அமுங்கணும். தனி சென்சார் வயர் விலைக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், முதலில் போவது வயர் கிளிப்போடு சேருகிற இடம்தான். எங்களுடையதை நானே சால்டர் வைத்து ஒட்டினேன், எல்லோர் வீட்டிலும் சால்டரிங் அயர்ன் இருக்காதே.

படுக்கை போடுகிற முறை: மெத்தை, ரப்பர் ஷீட், விரிப்பு, அதன் மேல் மறுபடி ரப்பர் ஷீட், மறுபடி விரிப்பு. நனைந்தால் மேல் இரண்டையும் உருவிவிட்டால் கீழே காய்ந்த படுக்கை தயார். நடு ராத்திரியில் பீரோ திறக்கிற வேலை இல்லை. பையனை ஓரத்தில் போடுங்கள், பக்கத்தில் அவன் அப்பா, அப்புறம் நீங்கள், கடைசியில் சின்னவள். சின்னவள் முதல் நாலைந்து நாள் எழுவாள், அப்புறம் பழகிவிடும். கீழ்வீட்டு நாயே பழகிவிட்டது. தங்கச்சிக்குத் தெரியாமல் வைப்பதுதான் நடக்காத காரியம். அவனுடைய ஸ்பேஸ் பெல்ட் என்று ஏதாவது பெயர் வைத்துவிடுங்கள். அவளும் ஒன்று கேட்டு அழாமல் இருந்தால் சரி.

வார்டு அக்கா

மூன்று நாளைக்கு ஒருமுறை என்றால் முதல் வேலை அதுதான். டாக்டரிடம் மறுபடி போய் இதை மட்டும் சொல்லுங்கள், இளக்குகிற மருந்து எழுதுவார். நாலு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்ட மலச்சிக்கலுக்குப் பல வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். தினமும் காலை சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி.

தண்ணீரை ராத்திரி குறைப்பதை மட்டும் செய்து பகலில் கூட்டாமல் விட்டால் மலச்சிக்கல் இன்னும் மோசமாகும். இந்த வயதுக்கு நாளெல்லாம் சேர்த்து ஒரு லிட்டரிலிருந்து 1400 மில்லி வரை போகணும், நம் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூட. அதில் பெரும் பங்கு மத்தியானத்துக்குள் இறங்கட்டும். டீ, கோலா வேண்டாம். வகுப்பு டீச்சரிடம் பேசி, பாதி பாட்டில் மத்தியானத்துக்குள் முடிய வேண்டும், கேட்டால் பாத்ரூமுக்கு விட வேண்டும் என்று சொல்லிவையுங்கள். சில பிள்ளைகளுக்கு இதிலேயே பாதி ராத்திரிகள் காய்ந்துவிடும்.

அலாரம் போட்டு நின்ற பிறகு ராத்திரி எழுந்து போகிறானா என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் எழாமலே விடியும் வரை தாங்குகிறார்கள். வைண்டர் அண்ணா செல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாரே, அதுதான் இது.

சேலத்து மைதிலி

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஹாஸ்டல்வாசி அண்ணா, நேற்று ராத்திரி அவர் பையனிடம் சொல்லிவிட்டார். பையன் கேட்ட முதல் கேள்வி, "உங்களைப் பாட்டி அடிச்சாங்களா?" மாமியார் பக்கத்து அறையிலிருந்து "அடிக்கலைடா, அதெல்லாம் இல்லை" என்று குரல் கொடுத்தார். இவர் என்னைப் பார்த்தார், நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

இப்போதைக்கு மலச்சிக்கல் மருந்தும் பகல் தண்ணீரும். கேம்ப்புக்கு மாத்திரை கேட்கப்போகிறோம், வீட்டில் கொடுத்துப் பார்த்துவிட்டு. அலாரம் பரீட்சை முடிந்து ஏப்ரலில். ஆனால் இப்போது தள்ளுபடி போட்டிருக்கிறார்கள். இப்போதே வாங்கி வைத்துவிடலாமா?

பீளமேடு வைண்டர்

வாங்கலாம். ஆனால் வந்ததும் செல் போட்டு, சத்தம், அதிர்வு, கிளிப் எல்லாம் அன்றைக்கே சோதித்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கிற கெடு ஏப்ரல் வரைக்கும் இருக்காது. சோதித்த பிறகு செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள், மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தால் ஒழுகிவிடும். மூடியைக் கழற்ற வேண்டாம், வாரண்டி போய்விடும்.